மர்மப் படங்களின் ஓசை



கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகே, கச்சிராயபாளையம் என்னும் ஊர் இருக்கிறது. சுற்றிலும் கரும்பு வயல்கள். அங்கே ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த இவ்வூர், பிறகு விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்து, 2019-ம் ஆண்டு முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. இவ்வூர் மாணவர் நால்வர் கூடி ஒரு கொலை மர்மப் படம் எடுக்க நினைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இஃது ஆகாத காரியம் அன்று. கையடக்கத் தொலைபேசியே இன்று படம் பிடிக்கும் கருவியாகிவிட்டது. நடிக்க நண்பர்கள் உண்டு. பிணமாகப் படுத்துக்கொள்ள எந்த வீட்டிலும் ஒரு தம்பி கிடைப்பான். படத்தை வெட்டி ஒட்டுவதும் கணிப்பொறியில் முடிந்துவிடும். அதன் பிறகுதான் சங்கடம் தொடங்குகிறது. எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்தால் காற்றின் இரைச்சலும், பேச்சின் அரைகுறையான ஒலியுமே கேட்கின்றன. கொலையைக் கண்டு யாரும் நடுங்கவில்லை. பின்வரிசையில் ஒருவன் சிரிக்கவும் செய்கிறான். ஆகவே ஓசையும் இசையும் சேர்க்க வேண்டும் என்று முடிவாகிறது. எதைச் சேர்ப்பது? எங்கே சேர்ப்பது? எங்கே சேர்க்காமல் விடுவது?

மூன்றாவது கேள்விதான் கடினமானது. தமிழ்ப் படவுலகம் அதற்கு விடை தேடிய வரலாற்றில் சில பக்கங்களை இன்று உங்களோடு புரட்டிப் பார்க்க விரும்புகிறேன்.

தென்னார்க்காட்டுப் பிள்ளைகளுக்கு நாடகத்தின் ஓசை புதிதன்று. தெருக்கூத்து இந்த மண்ணின் கலை. மிருதங்கமும், தாளமும், ஆர்மோனியமும், முகவீணையும் விடிய விடிய ஒலிக்கும். துரியோதனன் வரவேண்டுமாயின் இருவர் திரை பிடித்து நிற்பர். அத்திரைக்குப் பின்னே நின்றவாறே அவன் பாடுவான், சலங்கை குலுங்கும், தாளம் விரையும். வருபவனுடைய முகத்தைக் காணுமுன்பே அவன் யார், எத்தகையவன் என்பது கடைசி வரிசையில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் கிழவருக்கும் தெரிந்துவிடும். ஓசையே ஆளை அறிவித்துவிடுகிறது. பாரதக் கதையில் தீயவன் யார் என்பதில் மர்மம் இல்லையாதலால், அப்படி அறிவிப்பதுதான் அங்கே முறை.

மர்மக் கதையிலோ நிலைமை தலைகீழ். குற்றவாளி வாயிற்படியில் கால் வைக்கும்போதே அவனுக்குரிய வாத்தியம் முழங்கினால் கதை அங்கேயே முடிந்தது. இதற்கு அஞ்சிக் குற்றவாளிக்கு இனிய குழலிசையும், ஒன்றுமறியாத அப்பாவிக்குப் பயங்கர முழக்கமும் வைத்தால், அது பொய்ச்சாட்சி ஆகும். படம் முடிந்தபின் காண்போர் தாம் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வர். மறைக்கவும் வேண்டும், பொய் சொல்லவும் கூடாது. கூத்துக் கேட்டு வளர்ந்த காதுகளைக் கொண்ட நம் நாட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே வழி காண்பது எளிதாக இருக்கவில்லை.

நம் பழங்காப்பியத்தில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு இல்லாமற் போகவில்லை. சிலப்பதிகாரத்திலே கண்ணகி நீதி கேட்டு அரண்மனை வாயிலை அடையுமுன், பாண்டிமாதேவி தான் கண்ட தீக்கனவைச் சொல்கிறாள். கனவில் வாயில்மணி நடுங்கி ஒலித்த ஓசையை அவள் கேட்டாள். நடந்த தவறு இன்னது என்று அம்மணி சொல்லவில்லை. கள்வன் யார் என்றும் சொல்லவில்லை. ஏதோ ஒன்று பிழைத்துவிட்டது என்பதை மட்டுமே சொல்லிற்று. நம் பின்னணி இசைக்காரர் பலர் இளங்கோவடிகளிடம் இந்த அளவைக் கற்றிருக்கலாம்!

தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது 1931-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி. அன்று வெளியான 'காளிதாஸ்' முதல் பல ஆண்டுகள் நம் படங்கள் பாட்டுக்களால் நிரம்பியிருந்தன. பேசும் படம் என்பதைவிடப் பாடும் படம் என்பதே பொருத்தமான பெயர். நாடக மேடை அப்படியே திரைக்கு ஏறியதால் விளைந்தது இது. அதே 1931-ம் ஆண்டில் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் என்பவர் 'எம்' என்ற ஒற்றை எழுத்துப் பெயரில் ஒரு குற்றப் படம் எடுத்தார். குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைப் பற்றிய கதை அது. பின்னணி வாத்திய இசையே அப்படத்தில் இல்லை எனலாம். கொலைகாரன் மட்டும் கிரீக் என்னும் நார்வே நாட்டு இசைஞரின் மெட்டொன்றைச் சீழ்க்கையடித்துக்கொண்டு திரிகிறான். கடைசியில் அவனை அடையாளம் காண்பவன், பலூன் விற்கும் ஒரு குருடன்! கண்ணுடையோர் எல்லோரும் தவறவிட்ட குற்றவாளியைக் காது பிடித்துக் கொடுக்கிறது. அந்த வேடத்தில் நடித்த பீட்டர் லோரேக்குச் சீழ்க்கையடிக்க வராது. படத்தில் நாம் கேட்பது டைரக்டர் லாங்கின் சீழ்க்கையே. கையில் பணமில்லாத மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். ஒரு கொலைகாரனுக்கு வேண்டிய இசை முழுவதையும் ஒருவருடைய உதடுகளே தந்துவிட்டன.

கல்வராயன் மலைக்கு மேற்கே சேலம் இருக்கிறது. ஏற்காடு சாலையில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் அங்கேதான் இயங்கியது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலை அவர்கள் 1950-ம் ஆண்டு 'திகம்பர சாமியார்' என்று படமாக்கினார்கள். எம். என். நம்பியார் அதில் பல மாறுவேடங்களில் தோன்றினார். பாட்டும் நடனமும் அதிலும் இருந்தன. துப்பறிகிறவர் துப்பறிவதை நிறுத்திவிட்டுப் பாட்டுக்கு வழிவிடத்தான் வேண்டியிருந்தது. அதை ஒரு குறையாக அன்று யாரும் கருதியதாகத் தெரியவில்லை.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஒருவர் துணிந்தார். அவரை நாம் 'வீணை பாலசந்தர்' என்ற பெயரால் அறிவோம். அவர் 1934-ம் ஆண்டு 'சீதா கல்யாணம்' படத்தில் சிறுவனாகத் தோன்றியவர். இளமையிலேயே சென்னை வானொலி நிலையத்தில் பணிபுரிந்தவர். பல வாத்தியங்களைக் கற்று, பின்னர் வீணையில் உலகப் புகழ் பெற்றவர். இத்தகைய சங்கீதக்காரர் தமிழில் பாட்டே இல்லாத முதற் படத்தை எடுத்தார் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இசையின் அருமை தெரிந்தவருக்குத்தானே அதை எங்கே செலவழிக்கக் கூடாது என்பதும் தெரியும்?

ஜப்பானிய டைரக்டர் அகிரா குரோசவாவின் 'ராஷோமான்' படத்தை ஒரு திரைப்பட விழாவில் கண்ட பாலசந்தர், ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவாறு சொல்லும் அந்த முறையால் கவரப்பட்டார். அதே முறையில் அவர் எழுதிய நாடகத்தை முதலில் வானொலிக்கே கொடுத்தார் என்றும், வானொலி அதை ஏற்கவில்லை என்றும் திரை வரலாறு எழுதுவோர் குறிப்பிடுகின்றனர். வானொலியில் பேசிக்கொண்டே இதைச் சொல்ல எனக்குச் சற்று நாணமாகத்தான் இருக்கிறது. ஏ. வி. மெய்யப்பன் கதையைக் கேட்டார். ஜாவர் சீதாராமன் திரைக்கதையும் வசனமும் எழுதினார். 1954-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி 'அந்த நாள்' வெளிவந்தது.

1943-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசியது வரலாறு. அதற்கு மறுநாள் நடப்பதாக அமைந்த கதை இது. படம் தொடங்கியதும் துப்பாக்கி வெடிக்கிறது; சிவாஜி கணேசன் நடித்த ராஜன் என்பவன் சாய்கிறான். அந்நாளில் புகழேணியில் ஏறிக்கொண்டிருந்த கதாநாயகனை முதற் காட்சியிலேயே கொன்றுவிட்டார்கள்! ராஜன் ஒரு வானொலிப் பொறியாளன். நாட்டின் மீது மனக்கசப்புற்று ஜப்பானியருக்கு உளவு சொல்பவன். அவன் மனைவி உஷாவாகப் பண்டரிபாய் நடித்தார். மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, காதலி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராகத் துப்பறியும் அதிகாரியிடம் தமக்குத் தெரிந்ததைச் சொல்கின்றனர். ஒருவர் மற்றொருவரைச் சுட்டிக்காட்டுகின்றனர். கொன்றவர் யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. படம் இன்றும் கிடைக்கிறது, பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் கதையில் பாட்டுக்கு இடம் எங்கே? சாட்சி சொல்ல வந்தவர் இடையில் பாடத் தொடங்கினால் அதிகாரி எப்படிப் பொறுப்பார்? பாட்டில்லை, நடனமில்லை, சண்டைக் காட்சி இல்லை. வாத்திய இசை உண்டு. 'சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா' என்பது அதற்கிட்ட பெயர். சரஸ்வதி ஸ்டோர்ஸ் மெய்யப்பன் நடத்திய இசைத்தட்டு நிறுவனம். பாட்டுக்களை இசைத்தட்டாக்கி விற்ற நிறுவனத்தின் பெயரிலேயே பாட்டில்லாத படத்தின் இசை அமைந்தது பாருங்கள்.

பாட்டுக்கள் நீங்கியதால் என்ன கிடைத்தது? மற்ற ஓசைகளெல்லாம் பொருள் பெற்றன. வழக்கமான படத்தில் துப்பாக்கி ஒலி பத்துப் பாட்டுக்களுக்கு நடுவே ஒரு சத்தம். இங்கே அது வழக்கின் தொடக்கம். வெடியை அக்கம்பக்கத்தார் கேட்டனர். சுட்ட கையை அவர்கள் காணவில்லை. காதுக்குத் தெரிந்ததற்கும் கண்ணுக்குத் தெரியாததற்கும் இடையிலுள்ள அந்த வெளியில்தான் படம் முழுவதும் நடக்கிறது. ஒவ்வொருவர் வாக்குமூலத்தையும் நாம் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எந்தப் பக்கம் சாய்வது என்று இசை நமக்குச் சொல்லித் தருவதில்லை.

இதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். பத்திரிகைகள் பாராட்டின, பாட்டை எதிர்பார்த்து வந்த மக்கள் ஏமாந்தனர், வசூல் குறைந்தது. பிறகு தேசிய விருதுக் குழுவின் நற்சான்று கிடைத்தது. ஆயினும் பாட்டில்லாத படம் எடுக்க அடுத்தடுத்துப் பலர் முன்வந்துவிடவில்லை. பாலசந்தரே பின்னர் 'அவனா இவன்', 'பொம்மை', 1970-ல் வெளிவந்த 'நடு இரவில்' ஆகிய மர்மப் படங்களுக்குத் தாமே இசையமைத்தபோது பாட்டுக்களைச் சேர்த்தார். 1964-ம் ஆண்டின் 'பொம்மை' கே. ஜே. ஏசுதாஸைத் தமிழுக்குக் கொண்டுவந்த படம். குண்டு மறைத்துவைத்த பொம்மை கைமாறிச் செல்லும் அக்கதையில், குழந்தை விளையாட்டுப் பொருளின் தோற்றமே நம்மை அச்சுறுத்துகிறது.

அக்காலத்தில் ஒலி சேர்த்த முறையையும் சிறிது தெரிந்துகொள்ளுங்கள். 35 மில்லிமீட்டர் படச்சுருள் வினாடிக்கு 24 கட்டங்களாக ஓடும். ஒலியோ அதே சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்திருக்கும். ஆனால் ஒரு கட்டத்துக்குரிய ஒலி அந்தக் கட்டத்துக்கு நேரே இராது. ஏறத்தாழ 20 கட்டங்கள் முன்னாலேயே இருக்கும். படத்தைக் காட்டும் இடத்தில் சுருள் நின்று நின்று நகர வேண்டும். ஒலியைப் படிக்கும் இடத்தில் நில்லாமல் ஓட வேண்டும். அதனால்தான் இந்த இடைவெளி. பின்னணி இசை சேர்க்கும்போது மண்டபத்தில் படத்தை ஓட்டுவார்கள். வாத்தியக்காரர் குழு முழுதும் அதைப் பார்த்து வாசிக்கும். கதவு திறக்கும் இடத்தில் வயலின்காரர் ஒரு நொடி பிந்தினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இன்று கணிப்பொறியில் ஓசையை விரலால் தள்ளி வைத்துவிடுகிறோம். சிரமம் போயிற்று, நல்லதே. ஆனால் ஒரு காட்சிக்கு இசை வேண்டுமா என்று பத்து முறை எண்ணிப் பார்க்கும் பழக்கமும் அச்சிரமத்தோடு போய்விட்டதோ என்று சில சமயம் ஐயுறுகிறேன்.

வாத்தியமல்லாத ஓசைகளை உண்டாக்கும் வித்தை வானொலி நாடகத்துக்கும் படத்துக்கும் பொது. இரண்டு கொட்டாங்கச்சிகளைத் தட்டினால் குதிரை ஓடும். தகரத் தகட்டை உலுக்கினால் இடி இடிக்கும். முறத்தில் உலர்ந்த பட்டாணியை மெல்ல உருட்டினால் மழை பெய்யும். மெல்லிய கண்ணாடிக் காகிதத்தைக் கசக்கினால் கூரை தீப்பற்றும். அமெரிக்காவில் ஜாக் ஃபோலி என்பவர் நடிகர்களின் காலடியோசையைத் திரையைப் பார்த்தபடியே நடந்து காட்டிப் பதிவு செய்தார்; இன்றும் அத்தொழில் அவர் பெயராலேயே அங்கு வழங்குகிறது. ஆல்ஃபிரெட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960-ம் ஆண்டு வெளிவந்தது. அதில் கத்தி பாயும் ஓசைக்காக அவர்கள் குத்தியது ஒரு முலாம்பழத்தை. அக்காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் எண்ணியிருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் கொண்டு வாசித்துக் காட்டியபின் மனம் மாறினார். இசை வேண்டாம் என்று தொடங்கி, வேண்டும் என்ற முடிவுக்கு வந்தவர் வைத்த இசை அது. அதனால்தான் அத்தனை கூர்மை என்பது என் கருத்து.

தமிழில் 1960-களில் வேதாவின் வாத்தியங்கள் மாடர்ன் தியேட்டர்ஸின் துப்பறியும் படங்களிலும், ஏவி.எம்.மின் 'அதே கண்கள்' படத்திலும் மின்னின. அவை பெரும்பாலும் களிப்பூட்டும் இசை. அச்சத்தை அவை தேன் தடவிக் கொடுத்தன. இளையராஜா வந்தபின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), 'மூடுபனி' (1980) போன்ற படங்களில் கொலைகாரனின் மனத்துக்குள்ளேயே இசை புகுந்தது. 'மூடுபனி' அவருக்கு நூறாவது படம். அதன் டைரக்டர் பாலு மகேந்திரா மௌனத்துக்கு அஞ்சாதவர்.

இனி நம் பொருளுக்கு மிக நெருங்கிய ஒரு படத்துக்கு வருவோம். சென்னைத் தரமணியில் அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் அங்கே முறையாகப் பயிற்றப்படும் பாடங்கள். நெடுங்காலம் அங்கே படித்து வெளிவந்தவர்களைப் படமுதலாளிகள் எளிதில் நம்பவில்லை. ஏட்டுப் படிப்பு வேறு, கொட்டகை வேறு என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்தை மாற்றியது 1986-ம் ஆண்டு ஆகஸ்ட் 15-ந் தேதி வெளியான 'ஊமை விழிகள்'. ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, அரவிந்தராஜ் டைரக்ட் செய்தார். உழைத்தவர்களில் பலர் அக்கல்லூரி மாணவர்கள். விஜயகாந்த் போலீஸ் அதிகாரியாக நடித்தார். பெண்கள் காணாமற்போவதும், பத்திரிகைக்காரர்கள் அதன் காரணத்தைத் தேடி உயிரைப் பணயம் வைப்பதும் கதை.

இசை மனோஜ்–கியான் இருவருடையது. ஆபாவாணனும் இசையில் பங்குகொண்டார். மாணவர் படம் என்பதற்காக அதில் ஓசையைச் சிறிதாக்கிக்கொள்ளவில்லை. அகன்ற திரைக்கு ஏற்ற அகன்ற ஒலியையே நாடினர். பாட்டுக்களையும் விடவில்லை. தளர்ந்த மனத்தைத் தட்டியெழுப்பும் அதன் பாட்டொன்றைப் படம் பாராதவரும் இன்று அறிவர். ஆனால் பாட்டு நின்றபின் வரும் வெட்டவெளி இரவுகளையும், அவற்றின் நடுவே வரும் குதிரை வண்டியையுமே படம் பார்த்தவர்கள் முதலில் நினைவுகூர்கின்றனர். 'அந்த நாள்' பாட்டை நீக்கி வென்ற இடத்தை, 'ஊமை விழிகள்' பாட்டையும் வைத்துக்கொண்டு வேறு வழியில் அடைந்தது. கலை நோக்கில் முன்னதே உயர்ந்தது என்பேன். கொட்டகை நிறைந்தது பின்னதற்குத்தான். அதே குழுவினர் 'உழவன் மகன்' (1987), 'செந்தூரப்பூவே' (1988) என்று தொடர்ந்தனர்; திரைப்படக் கல்லூரி மாணவருக்குக் கதவு திறந்தது.

முப்பது ஆண்டுகள் கழித்து, 2016-ம் ஆண்டு டிசம்பரில், 'துருவங்கள் பதினாறு' வந்தது. டைரக்டர் கார்த்திக் நரேன் பொறியியல் படிப்பை இடையில் விட்டு வந்த, இருபத்திரண்டு வயதே ஆன இளைஞர். ஜேக்ஸ் பிஜாய் பின்னணி இசை அமைத்தார். பாட்டு இல்லை. 1954-ல் பாட்டில்லாமைக்காக முகஞ்சுளித்த மக்களின் பேரப்பிள்ளைகள், இப்போது பாட்டைத் தேடவேயில்லை. அறுபத்திரண்டு ஆண்டுகள் ஆயின, அவ்வளவுதான்!

கச்சிராயபாளையத்து நால்வரும் இன்னும் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் ஒன்று சொல்வேன். பிறருடைய இசையை இணையத்திலிருந்து எடுத்து அனுமதியின்றி ஒட்டாதீர்கள். 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அது குற்றம். குற்றப் படம் எடுக்கப்போய்க் குற்றம் செய்ய வேண்டா. உங்கள் ஊரிலேயே வேண்டிய ஓசை இருக்கிறது. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மலைச்சரிவுக்கு 170 மீட்டர் இப்பால் நின்று ஒரு வெடியை வெடித்தால், எதிரொலி ஒரு வினாடியில் திரும்பும். அறைக்குள் வெடித்ததற்கு இவ்வெதிரொலி வராது. ஆகவே சாட்சி ஒருவர், 'வெடிச்சத்தம் இருமுறை கேட்டது' என்றால், சுடப்பட்ட இடம் வீடன்று, மலையடிவாரம் என்று உங்கள் துப்பறிவாளர் ஊகிக்கலாம். அங்கே ஓசை அலங்காரமன்று, தடயம்.

அரைவைப் பருவத்தில் கரும்பு வண்டிகளும் டிராக்டர்களும் ஆலையை நோக்கி வரிசையாக இரைந்து செல்லும்; அவ்விரைச்சலுக்கு நடுவே ஒருவன் கூவியது யாருக்கும் கேளாமற் போகலாம். உரத்த ஓசை மெல்லிய ஓசையை விழுங்கும் என்பது நீங்கள் வகுப்பில் படிப்பது. அதுவே உங்கள் கதையின் முடிச்சாகட்டும். கோமுகி அணையில் மதகு திறந்திருக்கும் நாளில் ஒரு முறையும், மூடியிருக்கும் நாளில் ஒரு முறையும் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். பேச்சை மட்டும் தனியே, வாய்க்கு அருகில் ஒலிவாங்கியை வைத்துப் பதியுங்கள். கோயில் திருவிழாவில் பம்பையும் உடுக்கையும் முழங்கும்போது, சற்றுத் தொலைவிலிருந்து, ஒரு தெரு தள்ளி நின்று பதிந்து பாருங்கள். அருகில் பக்தியாய் இருந்த அதே முழக்கம் தொலைவில் வேறாகக் கேட்கும்.

படப்பிடிப்பு முடிந்ததும் உடனே கலைந்துவிடாதீர்கள். கொலை நடந்ததாகக் காட்டிய அந்த அறையில் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, பேச்சின்றி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். ஒலிப்பதிவாளர்கள் எங்கும் செய்வது இது. வசனங்களுக்கு இடையே வெட்டிய இடங்களை நிரப்ப அந்த வெறும் ஒலி தேவைப்படும். பிறகு அதைக் காதுக்கருகில் வைத்துக் கேளுங்கள். மின்விசிறி முனகும். சுவரில் பல்லி ஒன்று ஒலிக்கும். வெகு தொலைவில் ஒரு டிராக்டர் மேடேறும். பிணமாகப் படுத்திருக்கும் தம்பி மூச்சு விடுவதும் கேட்கும். அதை மட்டும் வெட்டிவிடுங்கள்.